அறிவிப்பு அறைக்கு வரவும்

அத்தியாயம் 11

பத்தொன்பது நாளாகச் சித்ரலேகா ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போய் வருவதாகத்தான் அந்த வீடு நம்பிக்கொண்டிருந்தது.

ஜங்ஷனில் இறங்க வேண்டிய பிள்ளை இறங்காமல், அப்படியே டவுனுக்குப் போய், பொருட்காட்சித் திடலில் ஒரு பிளைவுட் அறைக்குள் உட்கார்ந்து மைக்கில் பேசிவிட்டு வருகிறது என்று யாராவது வந்து சொன்னாலும் அங்கே ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். பால்காரர் வந்து "அம்மா இருக்காவளா?" என்று கேட்டால்கூட, உள்பக்கம் கையைக் காட்டிவிட்டு ஓடுகிற பிள்ளை அது.

வகுப்பில் அவள் இருந்தது மூன்றே நாள். மூன்றாம் நாள் எழுப்பி நிறுத்தி, தன்னைப் பற்றி ஐந்து வாக்கியம் சொல்லச் சொன்னார்கள். முப்பது முகமும் அவளைப் பார்த்தன. பெயரைச் சொன்னாள். மற்ற நான்கு வாக்கியமும் வரவே இல்லை. மறுநாள் பஸ் ஜங்ஷனில் நின்றபோது அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் பொருட்காட்சிக் கூட்டத்தில் ஏதோ ஒரு குழந்தை வழிதவறி வந்து அவள் விரலைப் பிடித்துக்கொண்டது. அதை அறிவிப்பு அறையில் ஒப்படைக்கப் போனாள். தொண்டை கட்டிப்போயிருந்த அறிவிப்பாளர் சுகன்யா, "இத மட்டும் வாசிச்சிருளா, உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று மைக்கை நீட்டினாள். அந்த அறைக்குள் இருந்து பார்த்தால் ஒரு முகமும் தெரியாது. லேகாவுக்குப் பேச்சு வந்தது. அப்படி வந்தது!

அதெல்லாம் பழைய கதை. இன்றைக்குச் சனிக்கிழமை. திங்கட்கிழமை விடிந்தால் அவளை நாமக்கல்லுக்குக் கூட்டிப்போய் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் பிளஸ் டூவுக்குச் சேர்ப்பது என்று மாமா முடிவு கட்டிவிட்டார்.

மாமா சிவசங்கரன் அரசு அலுவலகத்தில் அதிகாரி. போன வருஷம் லேகாவின் அப்பா இறந்ததும், திசையன்விளை வீட்டைக் காலி செய்யச் சொல்லி, தங்கை விஜயஸ்ரீயையும் மருமகளையும் பாளையங்கோட்டைக்குக் கூட்டி வந்து வைத்துக்கொண்டவர் அவர்தான். அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. ஆனால் வீட்டில் யாரிடம் என்ன கேள்வி கேட்டாலும் பதிலையும் அவரே சொல்லிவிடுவார்.

மத்தியானம் கூட்டாஞ்சோற்றில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே மாமா சொன்னார்: "ஏ விஜயா, சாயந்திரம் எல்லாரும் பொருட்காட்சிக்குப் போவோம். எம் பய குருவும் பத்து நாளா நச்சரிக்கான். இவளுக்கும் ஊருக்குப் போவதுக்கு முன்னால ஒரு சந்தோசம்."

லேகா எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தாள்.

"மாமா... டெஸ்ட்டு..."

"என்னது? வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா?"

"வகுப்புல... டெஸ்ட்டு."

"பாத்தியா விஜயா. இவ ரெண்டு வார்த்த பேசுததுக்குள்ள சோறு ஆறிப் போவுது. அதுக்குத்தான் ஹாஸ்டல்ங்கேன். நாலு பிள்ளையளோட கெடந்தா தன்னால வாய் தொறக்கும்." மாமா தண்ணீர் குடித்தார். "சரி, நீ டெஸ்ட்டுக்குப் போ. நாங்க குருவக் கூட்டிட்டுப் போயிட்டு வாரோம். விஜயா, அந்த ஹாஸ்டல் படிவத்துல கையெழுத்து?"

"கண்ணாடியத் தேடிட்டு இருக்கேண்ணே."

"நாலு நாளாத் தேடுத. இன்னைக்கு எட்டு மணிக்குள்ள அதப் போட்டோ எடுத்து அனுப்பலன்னா சீட்டு போயிரும், பாத்துக்க."

கண்ணாடி அம்மாவின் ஹேண்ட்பேக்கில்தான் இருந்தது. லேகா பார்த்திருக்கிறாள்.

படிவத்தையும் பார்த்திருக்கிறாள். 'மாணவியின் விருப்பம்' என்ற இடத்தில் மாமாவின் முத்து முத்தான கையெழுத்தில் 'முழுச் சம்மதம்' என்று இருந்தது. பெற்றோர் கையெழுத்துக்கான கோடு மட்டும் காலி.

வேண்டாம் என்று சொல்ல அவள் மூன்று தடவை முயன்றாள். முதல் தடவை மாமாவின் அறை வாசலில் கால் மணி நேரம் நின்று, கடைசியில் அவருடைய தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். இரண்டாம் தடவை பைக்கில் பின்னால் உட்கார்ந்து சொன்னாள். காற்றில் மாமாவுக்குக் கேட்கவில்லை. மூன்றாம் தடவை ஒரு தாளில் எழுதி சுடிதார் பையில் வைத்தாள். தாள் வாஷிங் மெஷினுக்குள் போய் மாவாகி, எல்லார் துணியிலும் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தது. மாமாவின் ஆபீஸ் சட்டையிலும்தான்.

பாத்திரம் கழுவும்போது அம்மா குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் கேட்டாள்: "உனக்குப் போணுமா, வேண்டாமா? ஒரு வார்த்த சொல்லுளா. நானாச் சொன்னா, 'நீதான் பிள்ளையக் கெடுக்க'ன்னு அண்ணன் ஒரே வரியில முடிச்சிருவாவ. உன் வாயால வரணும். வந்துட்டா அதுக்கு மேல நான் நின்னுக்கிடுவேன்."

லேகா வாயைத் திறந்தாள்.

"விஜயா! குருவுக்கு எண்ணெ தேச்சாச்சா?" என்று கூடத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது. அத்தை தன் தங்கையின் வளைகாப்புக்காக அம்பாசமுத்திரம் போயிருந்தாள். குருபிரசாத்தைக் குளிப்பாட்டி உடுத்திவிடுகிற வேலை அம்மாவுடையது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

லேகா திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

●

ஐந்து மணிக்கு அறைக்குள் நுழைந்ததும் திரும்பிப் போய்விடலாமா என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் சுகன்யாவுக்குக் குரல் சுத்தமாகப் போயிருந்தது. விக்கிரமசிங்கபுரத்திலிருந்து வந்து இரண்டு மாதமாக இந்த மைக்கில் கத்தினால் யாருக்குத்தான் போகாது? கழுத்தில் ஒரு மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, காற்று மாதிரிப் பேசினாள்.

"எங்க மாமா வாராவ, அக்கா. அம்மாவும் வாராவ. இன்னைக்கு."

"வரட்டும். இங்கன உன்னைய யாரு பாக்கப் போறா?"

"குரல்?"

சுகன்யா கொஞ்சம் யோசித்துவிட்டு, "வீட்ல உன் குரல யாருளா கேட்டுருக்கா?" என்றாள்.

அதுவும் நிஜம்தான். லேகா உட்கார்ந்தாள்.

அறிவிப்பு அறையில் வெளியே பார்ப்பதற்கு இருப்பது ஒரே ஒரு பொந்து. கரண்ட் பில் கட்டுகிற ஜன்னல் மாதிரி, இடுப்புயரத்தில், ஒரு சாண் அகலம். வருகிறவர்களின் வயிறும் கையும்தான் உள்ளே தெரியும். குனிந்து பார்த்தால் முகம் தெரியும். கூட்ட நெரிசலில் யாரும் குனிவதில்லை. பொந்துக்குக் கீழே ஒரு பலகை, அதில் நோட்டு, நூலில் கட்டித் தொங்கும் பேனா. உள்ளே ஒரு திரை. திரைக்குப் பின்னால் பெஞ்சில் தவறிப்போன பிள்ளைகளைப் பிஸ்கட்டோடு உட்கார்த்தி வைப்பார்கள்.

பிள்ளை கிடைத்தால் சொல்வதற்கு ஒரு முறை உண்டு. பெயர் சொல்லக் கூடாது, உடுப்பைச் சொல்லக் கூடாது. இத்தனை வயதில் ஒரு பிள்ளை இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். தேடி வருகிறவர்தான் உடுப்பையும் அடையாளத்தையும் சொல்லி, நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போக வேண்டும். கலெக்டரே வந்தாலும் இதுதான் என்று மேனேஜர் பாக்கியசீலன் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்.

ஏழேகாலுக்குப் பின்கதவைத் தட்டிக்கொண்டு ஜெய்சன் வந்தான். ராட்டினத்தில் டிக்கெட் கிழிக்கிறவன். அவன் இடுப்பில் ஒரு பையன், கை நிறைய டெல்லி அப்பளம், கன்னமெல்லாம் மிளகாய்ப்பொடியும் கண்ணீரும்.

"பேரு கேட்டா வாயவே தொறக்க மாட்டுக்கான். பலூன்காரன் பின்னால போய்ட்டு இருந்தான்."

பையன் நிமிர்ந்து பார்த்தான். அழுகை சட்டென்று நின்றது.

"மைனி!"

மாமா மகன் குருதான். ஐந்து வயது. லேகாவை மதினி முறையில் மைனி என்று கூப்பிட அத்தை பழக்கியிருந்தாள்.

லேகாவின் கைப்பையில் போன் இருந்தது. மாமாவைக் கூப்பிட்டால் ஒரு நிமிஷத்தில் வந்துவிடுவார். 'நீ எப்பிடி இங்கன?' என்று கேட்பார். பத்தொன்பது நாளும் வெளியே வரும். ஜெய்சனோடு அனுப்பிவிடலாமா? இந்தக் கூட்டத்தில் மாமாவை அவன் எங்கே போய்த் தேடுவான்?

சுகன்யா அவள் முகத்தைப் பார்த்தாள், குருவைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். மைக்கை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, குருவைத் தூக்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனாள்.

லேகா பொத்தானை அழுத்தினாள்.

"அன்பார்ந்த பொதுமக்கள் கவனத்திற்கு. சுமார் ஐந்து வயதுள்ள சிறுவன் ஒருவன் அறிவிப்பு அறையில் பாதுகாப்பாக இருக்கிறான். உரியவர்கள் உடனே அறிவிப்பு அறைக்கு வரவும்."

திடல் முழுக்க அந்தக் குரல் போய்த் திரும்பியது. திரைக்குள்ளிருந்து குரு, "மைனியா பேசுதா?" என்று கேட்பதும், சுகன்யா உஷ் என்பதும் கேட்டன.

மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. பொந்தில் ஒரு வெள்ளைச் சட்டை வந்து நின்றது. அந்தச் சட்டையில் இன்னும் ஒரு தாள் துணுக்கு ஒட்டியிருந்தது. பலகையில் கை பட்டென்று விழுந்தது. பச்சைக்கல் மோதிரம்.

"எம் மவன் இங்கன இருக்கானா? குருபிரசாத்துன்னு. கொண்டாங்க, வெரசா!"

லேகா பொந்தைப் பார்த்தாள். எதிரே தெரிந்தது ஒரு சட்டையும் ஒரு கையும்தான். முகம் இல்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். முகம் இல்லை.

"பையன் என்ன உடுப்பு போட்டிருக்கான் சார்?"

"உடுப்பா? சட்ட..." மோதிரக் கை பலகையைத் தேய்த்தது. "நீலச் சட்ட. இல்ல, நீலம் நேத்து. வெள்ள. வெள்ளையில கோடு போட்டது."

குரு போட்டிருந்தது மஞ்சள் டீஷர்ட்.

"சரியாச் சொல்லுங்க சார்."

"கட்டம் போட்ட சட்டம்மா!"

வரிசையில் பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள். "அண்ணாச்சி, ஜவுளிக்கடையில இருக்கத எல்லாம் சொல்லுதியளே!"

"ஏ, நீரு சும்மா இரும்வே!" மாமா திரும்பிக் கத்திவிட்டு, பொந்தின் பக்கம் வந்தார். "இந்தாம்மா, நான் யாருன்னு தெரியுமா? மேனேஜரக் கூப்பிடு. எம் பிள்ளையத் தாரதுக்கு ஒரு பரிச்சையா?"

"எல்லாருக்கும் இதுதான் சார் முறை. அடையாளம் ஏதாவது இருந்தாச் சொல்லுங்க."

மோதிரக் கை ஒரு இடத்தில் நிலைக்காததை அப்போதுதான் அவள் கவனித்தாள். விரல்கள் பலகையின் ஓரத்தைப் பிடித்தன, விட்டன, மறுபடி பிடித்தன. கொடுத்துவிடலாம். எழுந்து, திரையை விலக்கி, கதவைத் திறந்து, இந்தாங்க மாமா என்று கொடுத்துவிடலாம். அவள் பாதி எழுந்தேவிட்டாள்.

"அடையாளம்னா..." மாமாவின் குரல் உடைந்தது. "அவன் பயந்தா வாயத் தொறக்க மாட்டாம்மா. பேரு கேட்டாச் சொல்ல மாட்டான். எங்க வீட்ல ஒரு ஊமைக்கோட்டான் இருக்கு, எந்தங்கச்சி மவ. அதப் பாத்துப் பாத்து இவனும் அப்பிடி ஆயிட்டான். அதத் திங்கக்கிழமையோட ஹாஸ்டலுக்கு அனுப்பிருவேன்."

லேகா மறுபடி உட்கார்ந்தாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவரும் செருப்புச் சத்தம். வெள்ளைச் சட்டைக்குப் பக்கத்தில் ஒரு பச்சைச் சேலை வந்து மூச்சு வாங்கியது.

"அண்ணே! ராட்டினத்துப் பக்கமெல்லாம் தேடிட்டேன். பிள்ள இங்கன இருக்கானா?"

"தர மாட்டுக்காளே விஜயா! உடுப்பச் சொல்லணுமாம்!"

அம்மா யோசிக்கவே இல்லை. "மஞ்ச டீசட்ட, முன்னால ஆனப் படம் போட்டது. பச்ச டவுசர். இடது கால் செருப்பு வாரு அந்துபோயி, ஊக்கு மாட்டி விட்டிருக்கேன். வலது முட்டியில புண்ணு, அதுல மஞ்சப்பொடி."

"சரிம்மா. நோட்டில் கையெழுத்துப் போடுங்க."

பேனாவை எடுக்க வந்த கை அந்தரத்தில் நின்றது.

அம்மா குனியவில்லை. நோட்டை நீட்டிய லேகாவின் கையில், கட்டைவிரலுக்குப் பக்கத்தில் தோசைக்கல் சுட்ட தழும்பு இருந்தது. அம்மாவின் விரல் போகிற போக்கில் அந்தத் தழும்பைத் தொட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டது.

"நீங்க ரொம்ப நல்லாப் பேசுதிய" என்றாள் அம்மா, முன்பின் தெரியாத ஆளிடம் சொல்வது போல. குரல் மட்டும் லேசாக ஆடியது.

சுகன்யா குருவைப் பின்கதவு வழியாகச் சுற்றிக் கூட்டிப்போய் விட்டாள். மாமா அவனை வாரித் தூக்குவதும், அவன் அப்பளத்தை அவர் சட்டையில் தேய்ப்பதும், அவர் ஏசாமல் இருப்பதும் பொந்து வழியே தெரிந்தன.

பயம் இறங்கியதும் மாமாவுக்குப் பழைய தொண்டை திரும்பிவிட்டது.

"என்ன இருந்தாலும் பிள்ளன்னா இப்பிடி இருக்கணும் விஜயா. எப்பிடி டாண் டாண்ணு கேக்கா பாத்தியா? நான் இவ்வளவு சத்தம் போட்டும் அசையலையே! நம்ம வீட்ல இருக்கது இதுல கால்வாசி பேசினா, நான் எதுக்கு நாமக்கல்லுக்கு அனுப்புதேன்?"

"அது நம்ம மைனிப்பா" என்றான் குரு.

"கோட்டிக்காரப் பயலே" என்று மாமா சிரித்தார். உடனே மணியைப் பார்த்தார். "ஐயையோ, ஏழு நாப்பது! விஜயா, பேனாதான் இருக்குல்லா. அந்தப் படிவத்துலயும் இப்பமே போட்டுரு. இந்தா, என் கண்ணாடிய வேணா போட்டுக்க."

சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் வந்தது. பலகையில், லேகாவின் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில், விரிந்தது.

முழுச் சம்மதம்.

நூலில் கட்டிய பேனா அம்மாவின் கையில் இருந்தது. முனை கோட்டுக்கு மேலே வந்து நின்றது. எழுதவில்லை, விலகவும் இல்லை.

"என்ன முழிக்க? போடு."

பேனா அசையவில்லை. அம்மா காத்திருந்தாள். யாருக்காக என்று அந்தத் திடலில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். உன் வாயால வரணும்.

"விஜயா, எட்டு மணியாயிரும்."

பேனா முனை கோட்டில் பட்டது. ஒரு புள்ளி விழுந்தது.

லேகா பொத்தானை அழுத்தினாள்.

"அன்பார்ந்த பொதுமக்கள் கவனத்திற்கு." குரல் ஒரு தடவை இடறியது. எச்சிலை விழுங்கிக்கொண்டாள். "சுமார் பதினாறு வயதுள்ள பெண் ஒருத்தி அறிவிப்பு அறையில் இருக்கிறாள். அவளுக்குப் பேச வரும். திங்கட்கிழமை நாமக்கல்லுக்குப் போக அவளுக்குச் சம்மதம் இல்லை. பாளையங்கோட்டையிலிருந்து வந்திருக்கும் திரு. சிவசங்கரன் அவர்கள் உடனே அறிவிப்பு அறைக்கு வரவும்."

ராட்டினத்தின் மேலே இருந்தவர்களுக்கும் அது கேட்டது. பஜ்ஜிக்கடைக்காரர் கரண்டியைத் தூக்கியபடியே நின்றார். வரிசையில் நின்றவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

"நான்தான் சொன்னேம்லா, மைனின்னு" என்றான் குரு.

அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். படிவத்தை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணனுக்கும் அந்தப் பொந்துக்கும் நடுவிலிருந்து ஒரு எட்டு விலகி நின்றாள்.

பிறகு மோதிரக் கை பலகையைப் பிடித்தது. சட்டை மடங்கியது. கழுத்து வந்தது, மோவாய் வந்தது. மாமா குனிந்தார்.

மிளகாய்ப்பொடி ஒட்டிய மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்கள். அவ்வளவு பக்கத்தில் அவளை அவர் இதற்கு முன் பார்த்ததே இல்லை.

லேகா மைக்கை அணைத்தாள். இப்போது எதிரே முகம் இருந்தது.

"பிள்ள சாயந்திரம் என்ன உடுப்பு போட்டுட்டு வீட்ட விட்டுக் கெளம்புச்சு?" என்று கேட்டாள். "சொல்லுங்க, மாமா."